விண்ணப்பம் கசப்பாக மாறாமல்: அநீதியை எதிர்த்து நிற்கும் கிறிஸ்தவர்களுக்கு ஒரு செயல்முறை

ஜெபத்துக்கும் விண்ணப்பம் என்கிறோம், தாலுகா ஆபீஸ் ஜன்னலில் நீட்டும் தாளுக்கும் விண்ணப்பம் என்கிறோம். ஒரே சொல். இரண்டிலும் யாரிடம் கேட்கிறோம் என்று ஒரு பெயர் இருக்கும், ஒரு தேதி இருக்கும், கேட்பது இன்னது என்று ஒரு வரி இருக்கும். இந்த மூன்றும் உதிர்ந்துபோனால் மிஞ்சுவது புலம்பல். புலம்பல் நாள்பட்டால் "எவனும் திருந்த மாட்டான், எல்லாம் வேஷம்" என்ற நிலைக்கு வந்து நிற்கும். எபிரெயர் 12:15 அதைக் கசப்பான வேர் என்கிறது. வேர் என்பதால் வெளியே தெரியாது. ஊழியம் நடந்துகொண்டே இருக்கும், உள்ளே மனசு செத்துக்கொண்டிருக்கும்.

தமிழ்நாட்டில் சபைக்குள்ளும் வெளியிலும் சாதிக் கொடுமை, கொத்தடிமை, நில அபகரிப்பு போன்றவற்றில் இறங்கி வேலை செய்கிற வாலிபர் சங்கத்தார், பெண்கள் ஐக்கியத்தார், சேகரக் கமிட்டி உறுப்பினர்கள், பங்குப் பேரவையினர் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். வீட்டில் உட்கார்ந்து செய்தி பார்ப்பவரின் அலுப்பு வேறு. காரியத்தில் கைவைத்தவருக்கு வருகிற கசப்பைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

எப்படித் தெரிந்துகொள்வது

உங்கள் பேச்சைக் கவனியுங்கள். "இந்த எஸ்.ஐ. செவ்வாய்க்கிழமை மனுவை வாங்க மறுத்தார்" என்று சொல்லும்வரை நீங்கள் நலமாக இருக்கிறீர்கள். "போலீஸ்னாலே அப்படித்தான்" என்று வாக்கியம் மாறும் வாரத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் செய்த தப்பு ஒரு கூட்டத்தின் குணமாக மாறிய வாரம் அது. அதன்பின் அந்தக் கூட்டத்தில் நல்லது செய்பவர் கண்ணில் பட மாட்டார்.

இன்னொரு அடையாளம் கொஞ்சம் கூச்சமானது. கெட்ட செய்தி வரும்போது உள்ளுக்குள் ஒரு திருப்தி வருகிறதா? "நான் அப்பவே சொன்னேன்ல" என்று நாக்கு துடிக்கிறதா? பாதிக்கப்பட்ட குடும்பம் தோற்பதைவிட நம் கணிப்பு தோற்பது பெரிய விஷயமாகிவிட்டது என்று அர்த்தம். உடனே ஒரு சக ஊழியரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். மறைத்துவைத்தால் வளரும்.

ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சந்தேகப்படுவது கசப்பாகாது. "சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களும் புறாக்களைப்போல கபடற்றவர்களுமாய்" இருக்கச் சொன்ன இயேசு, யோவான் 2:24-25-ன்படி எல்லாரையும் அறிந்திருந்தபடியால் தம்மை அவர்களுக்கு ஒப்புக்கொடுக்கவில்லை. அடுத்த அதிகாரத்திலேயே நிக்கொதேமுவுக்கு இரவில் நேரம் ஒதுக்கினார். மனுஷர் உள்ளத்தில் என்ன இருக்கிறதென்று அறிந்திருப்பதும் அவர்களிடம் தொடர்ந்து போவதும் ஒன்றாக நடக்கலாம்.

முறையிடுகிற ஜெபம்

நம் ஜெபக்கூட்டங்களில் அடிக்கடி நடக்கிற தவறு இது: ஒரு பெண் தன் வீட்டில் நடந்ததைச் சொல்லி அழுவார். 2 நிமிடத்தில் யாராவது "எல்லாம் நன்மைக்கே, ஸ்தோத்திரம்" என்று மூடிவிடுவார்கள். புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுகிற வேலை. கழுவாத புண் உள்ளே சீழ்பிடிக்கும். அந்தச் சீழைத்தான் ஆறு மாதம் கழித்து ஏளனப் பேச்சாகக் கேட்கிறோம்.

13-ஆம் சங்கீதத்தை அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். 6 வசனம்தான். முதல் 2 வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி 4 தரம் வருகிறது. அடுத்த 2 வசனங்களில் கோரிக்கை. கடைசி 2-ல் நம்பிக்கை. குழுவாக ஜெபிக்கும்போது இந்த மூன்றுக்கும் தனித்தனி நேரம் கொடுங்கள்: முறையீட்டுக்கு 10 நிமிடம், கோரிக்கைக்கு 5, நம்பிக்கைக்கு மிச்சம். முறையீட்டு நேரத்தில் பொதுவாகப் பேசக்கூடாது. "தேசத்தில் அநியாயம் பெருகிவிட்டது ஆண்டவரே" வேண்டாம். "எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்து 19 நாள் ஆகிறது ஆண்டவரே, மேலத்தெருவுக்கு நேற்றும் வந்தது" என்று சொல்லுங்கள். அவருக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். நமக்குத்தான் மழுங்கிப்போகிறது.

நம்பிக்கை வரி வாயில் வராத நாளும் உண்டு. அன்றைக்கு 88-ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு அப்படியே நிறுத்திவிடலாம். அது நம்பிக்கை வரி இல்லாமலே முடிகிறது. முடிந்தாலும் வேதாகமத்தில் இருக்கிறது. தேவன் காதில் விழுகிற கோபம் நஞ்சாவதில்லை என்பதற்கு எரேமியாவின் 20-ஆம் அதிகாரமும் ஆபகூக்கின் முதல் அதிகாரமும் சாட்சி.

எதிராளியின் பெயரையும் பட்டியலில் சேருங்கள். சேர்க்கும்போது "அவருக்கு நல்ல புத்தி கொடும்" என்பதோடு விடாமல், அவர் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள். இந்தக் கையெழுத்து, இந்த வாரம். அப்படிக் கேட்டுப் பழகினால் அவர் ஒரு பேயாகத் தெரியாமல், கையெழுத்துப் போடக்கூடிய ஒரு மனிதராகத் தெரிய ஆரம்பிப்பார். அவர் மாறினாலும் மாறாவிட்டாலும், அவரைப் பார்க்கும் கண் உங்களுக்குத் தெளிவாக இருக்கும்.

கோப்பு வைக்காதவருக்குக் கசப்பு சீக்கிரம் வரும்

ஆபகூக்குக்குக் கிடைத்த கட்டளை, தரிசனத்தைப் பலகைகளில் தீர்க்கமாக எழுது என்பதே. உங்களுக்கு 200 பக்க நோட்டு ஒன்று போதும். இடது பக்கத்தில் நடந்தது: தேதி, நேரம், இடம், யார் என்ன சொன்னார், கூட யார் இருந்தார். வலது பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். மேலே தேவனிடம் கேட்டது, கீழே அலுவலகத்தில் கேட்டது. பதில் வந்த அன்றைக்குச் சிவப்பு மையில் தேதி போடுங்கள்.

அலுவலக விண்ணப்பத்தில் தோற்பதற்குப் பொதுவான காரணம், ஒரே மனுவில் ஏழு குறைகளை எழுதுவது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஆட்சியரிடம் அப்படிக் கொடுத்த தாள் ஏதோ ஒரு துறைக்குப் போகும். அந்தத் துறை தனக்குச் சம்பந்தமுள்ளதற்கு மட்டும் ஒரு வரி எழுதி முடித்துவிடும். ஒரு மனு, ஒரு கோரிக்கை, ஒரு பக்கம். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். பதிவு எண்ணோடு ரசீது வாங்காமல் வரிசையை விட்டு நகராதீர்கள். போக முடியாதவர்கள் 1100 என்ற எண்ணில் முதல்வரின் உதவி மையத்தில் பதிவு செய்யலாம், அங்கும் எண்தான் முக்கியம்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் உடனே எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் சி.எஸ்.ஆர். என்கிற மனு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்கிற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவின்படி அதே புகாரைத் தபாலில் மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்பலாம். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். தபால் ரசீதையும் ஒப்புகை அட்டையையும் நோட்டின் அதே பக்கத்தில் ஒட்டுங்கள்.

மனு கொடுத்து ஒரு மாதம் சத்தமே இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு ஆவணம் கிடையாது, பதிலும் வராது. "இன்ன தேதியிட்ட, இன்ன எண்ணுள்ள என் மனு எந்தெந்தத் தேதிகளில் எந்தெந்த அலுவலரிடம் இருந்தது என்ற விவரமும், அதன்மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகலும் வேண்டும்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது.

இதெல்லாம் ஆவிக்குரிய காரியமா என்று சிலர் கேட்பார்கள். ஆம் என்பதே எங்கள் உறுதியான எண்ணம். "அரசாங்கமே மோசம்" என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு மனிதன் ஜெபிக்கவும் முடியாது, வேலை செய்யவும் முடியாது. "நம் மனு 47 நாளாகத் தாசில்தார் அலுவலகத்தில் சி-2 பிரிவில் இருக்கிறது" என்றால் இரண்டும் முடியும். லூக்கா 18-ல் வருகிற விதவை பொதுவாக நீதித்துறையைப் பற்றிப் பேசவில்லை. ஒரு நியாயாதிபதியிடம் ஒரு காரியத்துக்காகத் திரும்பத் திரும்பப் போனாள்.

கூடவே ஒரு பழக்கம்: ஓர் அலுவலர் சரியாகச் செய்த அன்று, அது ஒரு கையெழுத்தானாலும், நன்றிக் கடிதம் எழுதி அவருடைய மேலதிகாரிக்கும் நகல் அனுப்புங்கள். அந்தக் கடிதத்தின் நகலும் நோட்டில் இருக்கட்டும். கசப்பு தலைதூக்கும் நாளில் புரட்டிப் பார்க்க உதவும்.

சபைக்குள்ளே நடக்கும் அநீதி

அதிகமான பேர் உடைந்துபோவது இங்கேதான். போலீசிடமோ பண்ணையாரிடமோ ஏமாந்தவர் எழுந்துவிடுகிறார். ஒரே அப்பத்தைப் பகிர்ந்தவர்கள் சாவில் பிரித்துப் புதைக்கும்போது எழ முடிவதில்லை.

உள்ளதை உள்ளபடி அறிந்துகொள்ளுங்கள். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபையில் சாதி வித்தியாசத்தை உடனடியாக, அறவே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள், சாதியை விடவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்காக நின்ற சுவர் ஊரறிந்தது. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்து மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இவற்றை மறைத்து வைத்துக்கொண்டு வாலிபரிடம் "நம்மிலே பேதமில்லை" என்று போதித்தால், உண்மை தெரியவரும் நாளில் அவர் சுவிசேஷத்தையும் சேர்த்து எறிந்துவிடுவார். முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்: சுவர் கட்டியவர்களும் சபையார், சுற்றறிக்கை எழுதியவரும் சபையார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மக்களுக்கான கொள்கை ஆவணம் சாதிப் பாகுபாட்டைக் கொடிய சமூகப் பாவம் என்கிறது. கத்தோலிக்கப் பங்கில் இருந்தால் அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உங்கள் ஆயர்களே ஒப்புக்கொண்ட தாள் அது.

சபையில் ஒரு மாற்றத்தைக் கேட்கும்போது பொதுவாகச் செய்கிற பிழை, "நம் சேகரத்தில் சாதியை ஒழிப்போம்" என்று தீர்மானம் கொண்டுவருவது. எல்லாரும் கைதூக்குவார்கள். ஒருமனதாக நிறைவேறும். ஒன்றும் மாறாது. அடுத்த ஆண்டு அந்தத் தீர்மானமே கேலிப்பொருளாகிவிடும். யாராவது எதிர்த்துக் கைதூக்கக்கூடிய அளவுக்குச் சின்னதாக, தெளிவாகக் கேளுங்கள்.

கல்லறைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் அடக்க ஆராதனைப் பதிவேட்டில் கடைசி 10 ஆண்டுப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு மாலையில் இரண்டு பேர், 100 அடி டேப்பும் ஒரு அட்டையுமாகத் தோட்டத்துக்குப் போய், எந்தக் கல்லறை எந்த மூலையில் இருக்கிறது என்று கட்டம் போட்டு வரையுங்கள். பாதைக்கு எந்தப் பக்கம், தண்ணீர் தேங்கும் பள்ளம் யாருக்கு, வாசலுக்குப் பக்கத்து மேட்டு நிலம் யாருக்கு என்பது தாளில் தானாகவே தெரியும். அந்தத் தாளோடு கமிட்டிக்கு ஒரே கோரிக்கை: "வரும் ஜனவரி முதல், மரித்த தேதி வரிசைப்படி அடுத்த காலி இடத்தில் அடக்கம்." ஏற்கனவே பணம் கட்டிய குடும்பக் கல்லறைகளைத் தொடாதீர்கள். புதிதாக விற்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் "எங்க தாத்தா கல்லறையை இடிக்கப் பார்க்கிறான்" என்று பேச்சு திரும்பிவிடும், அதோடு காரியம் கெட்டது. தேர் பவனி கீழத்தெருவுக்குள் வருவதும் இப்படிக் கேட்கலாம்: எந்தத் தெரு, எந்த நாள் பவனி. மறுத்தால் மறுப்பை மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கமிட்டிக்கும், திருமண்டலப் பெருமன்றத்துக்கும் அல்லது மறைமாவட்டத்துக்கும் அந்த மினிட் நகல்தான் படிக்கட்டு.

தலித் கிறிஸ்தவர்கள் எதை முதலில் கேட்க வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஆதரவாக வருகிற மற்றவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நாம் விரக்தியடைந்து விலகினால் வேறு சபைக்குப் போய்விடலாம், அவர்கள் அதே ஊரில்தான் பிணத்தைத் தூக்க வேண்டும். ஆகவே நம் விரக்தியை அவர்கள் காதில் போடக்கூடாது. ஆயரிடம் போடலாம், தேவனிடம் போடலாம்.

ஒரு நுணுக்கமான வலியும் உண்டு. 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அதனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குக் கேட்டுப் போனால் முதலில் சாதிச் சான்றிதழைத்தான் பார்ப்பார்கள். புகார் எழுதும் முன்பே வழக்கறிஞரிடம் சான்றிதழைக் காட்டி, எந்தப் பிரிவு நிற்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிற்காத பிரிவை எழுதி முதல் நாளே தோற்பது வீண் காயம். சான்றிதழில் ஒரு மதமும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மதமுமாக வாழ நேர்ந்த குடும்பங்களை இரட்டை வேஷக்காரர் என்று பேசுகிறவர்களை அங்கேயே நிறுத்துங்கள். அந்த இக்கட்டில் அவர்களைத் தள்ளியது 1950-ன் ஆணை. ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு தினமாகச் சபைகள் அனுசரிக்கின்றன. உங்கள் சபை அனுசரிக்கவில்லையென்றால் அடுத்த ஆண்டு ஜெபக் குறிப்பிலாவது சேர்க்கச் சொல்லுங்கள்.

அரை வெற்றியை எழுதிவைத்தல்

"முழுசா கிடைச்சாத்தான் ஜெயம்" என்பது கசப்பின் கணக்கு. தெற்குத் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டத்தைப் பாருங்கள். 1814-ல் திவானாக இருந்த பிரிட்டிஷ் அதிகாரி மன்றோ, கிறிஸ்தவ நாடார் பெண்கள் குப்பாயம் என்கிற மேல்சட்டை அணியலாம் என்று உத்தரவிட்டார். மேல்சாதிப் பெண்களைப்போல மேலாடை போடும் உரிமையை 1829-ன் அரச ஆணை மறுத்தது. 1858-59-ல் கலவரமாகி, சிற்றாலயங்கள் எரிந்தன. 1859 ஜூலை 26 அறிவிப்பு மார்பை மறைக்க அனுமதித்தது, ஆனால் மேல்சாதிப் பெண்களின் பாணியில் கூடாது என்ற நிபந்தனையோடு. 45 ஆண்டுப் போராட்டத்தின் முடிவிலும் ஒரு "ஆனால்" ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மாக்கள் அரை உரிமை என்று அதைத் தூக்கிப்போடவில்லை. ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள்.

உங்கள் நோட்டின் கடைசி 10 பக்கங்களை இதற்கென்று விட்டுவையுங்கள். கிடைத்தது, கிடைக்காதது, இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள்: "தெருவிளக்கு 6-ல் 4 எரிகிறது." மாதம் ஒருமுறை கூட்டத்தில் உரக்க வாசியுங்கள். நான்கை மட்டும் வாசித்தால் பொய்ச் சாட்சி. இரண்டை மட்டும் வாசித்தால் ஆட்கள் ஓடிவிடுவார்கள்.

வாக்குறுதி வாங்கும்போது

நெகேமியா 5-ல் கடன்பட்ட ஜனங்களின் கூக்குரலைக் கேட்டு நெகேமியா மிகவும் கோபங்கொண்டார். அடுத்த வசனத்தில் தன் மனதிலே ஆலோசனைபண்ணினார். பிறகு பெரிய சபை கூட்டி, வட்டி வாங்கியவர்களை முகத்துக்கு முகமாகக் கேட்டார். அவர்கள் "திரும்பக் கொடுத்துவிடுவோம்" என்றதும் நம்பிவிட்டுப் போகவில்லை. ஆசாரியரை அழைத்து ஆணையிடுவித்தார். சந்தேகத்தை வேலையாக மாற்றுவது இப்படித்தான்.

ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அல்லது தாசில்தார் நடத்தும் அமைதிப் பேச்சுவார்த்தையில் இதையே செய்யுங்கள். கூட்டக் குறிப்பு எழுதி முடிக்கும்வரை யாரும் எழுந்து போகக்கூடாது. யார், எதை, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் இல்லாத வரிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். "இரு தரப்பும் சமாதானமாகப் போவதாக" என்று தொடங்கும் தாளில் புகாரை வாபஸ் வாங்கும் வரி நடுவில் ஒளிந்திருக்கலாம். உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள், நகல் அங்கேயே வாங்குங்கள். எழுதி வாங்கிய வாக்கு மீறப்பட்டால் கேட்க ஓர் இடம் இருக்கும். வாய்வாக்கு மீறப்பட்டால் மனசு மட்டும்தான் உடையும்.

சாப்பாடு, தூக்கம், கூட ஓர் ஆள்

சூரைச்செடியின் கீழ்ச் சாகக் கேட்ட எலியாவுக்குத் தூதன் உபதேசம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பேச்சு அப்புறம், ஓரேப் மலையில். அங்கேயும் "நான் ஒருவன்மாத்திரம்" என்ற புலம்பலுக்குக் கிடைத்த பதில், செய்ய வேண்டிய மூன்று அபிஷேகங்களும் 7000 பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணும்.

காவல் நிலையம், பிணவறை, கோர்ட் மூன்றுக்கும் ஒருபோதும் தனியாகப் போகாதீர்கள். ஒருவர் பேச, ஒருவர் எழுத. பிணவறைக்குப் போய் வந்தவருக்கு மறுநாள் எந்த வேலையும் கொடுக்கக்கூடாது என்று குழுவில் சட்டமாகவே வையுங்கள். கொடுமை வீடியோக்களை வாட்ஸ்அப் குழுவில் போடுவதை நிறுத்துங்கள். ஆதாரம் என்றால் ஒருவர் பாதுகாத்தால் போதும், 60 பேர் இரவு 11 மணிக்குப் பார்க்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒருநாள் கோப்பு மூடியிருக்கட்டும். ஒரே ஆள் மூன்று வழக்குகளுக்கு மேல் சுமந்தால் நான்காவதில் வருகிற தாயை "இன்னொரு கேஸ்" என்று பார்க்கத் தொடங்குவார்.

தோற்ற அன்று

விடுதலைத் தீர்ப்பு வந்துவிட்டது, எதிராளிகள் வாசலில் பட்டாசு வெடிக்கிறார்கள். அன்றைக்கு மைக் முன்னால் பேசாதீர்கள், முகநூலில் எழுதாதீர்கள். கோர்ட்டை விட்டுக் கிளம்பும் முன் வழக்கறிஞர் மூலம் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள். மேல்முறையீட்டுக்கான கெடு நாட்களைக் கணக்கிடும்போது, நகல் கேட்டு அது தயாராகும்வரை ஆகும் நாட்களைக் கழித்துவிடுவார்கள். ஆனால் மனு போடத் தாமதித்த நாட்கள் நம் தலையில்தான் விழும். பிறகு பாதிக்கப்பட்ட குடும்பத்தோடு வீட்டுக்குப் போங்கள். அவர்கள் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள், நீங்கள் சோறு கொண்டுபோங்கள். ஆறுதல் வசனம் தேட வேண்டாம். பிள்ளைகள் சாப்பிட்டதும் 13-ஆம் சங்கீதத்தின் முதல் 2 வசனங்களை மட்டும் யாராவது ஒருவர் வாசித்தால் போதும். மிச்ச 4 வசனங்களை அந்த வீட்டுக்காரர் என்றைக்குக் கேட்கிறாரோ அன்றைக்கு வாசிக்கலாம்.